ஒரே வீட்டில் இரண்டு சார்காய்டோசிஸ்: தங்கைக்கு ஓய்ந்தது, அண்ணனுக்கு நீடித்தது

முதலில் வந்தவர் தங்கை. வயது 34. பத்து நாளாகக் காய்ச்சல். இரண்டு கணுக்காலும் வீங்கி, தரையில் காலை ஊன்ற முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தோலில் ஏழெட்டுச் சிவந்த தடிப்புகள், ஒவ்வொன்றும் பெரிய நாணயம் அளவு. ஒன்றின் மேல் விரலை வைத்ததும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தடிப்பு சூடாக இருந்தது, உள்ளே கெட்டியாகவும் இருந்தது. சீழ் இல்லை, புண் இல்லை. எரிதீமா நோடோசம் என்று சொல்வதற்கு அதிக நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

எரிதீமா நோடோசம் என்பது தனி நோய் அல்ல, வேறு ஏதோ ஒன்றின் அறிகுறி. தொண்டைத் தொற்று, காசநோய், குடல் அழற்சி, சில மருந்துகள், கர்ப்பம் என்று காரணப் பட்டியல் நீளும். அதனால் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். நுரையீரலின் இரண்டு வேர்ப்பகுதிகளிலும் நிணநீர்க் கணுக்கள் பெருத்திருந்தன, இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில். நுரையீரல் திசு சுத்தமாக இருந்தது. காய்ச்சல், கணுக்கால் வீக்கம், எரிதீமா நோடோசம், இருபக்கக் கணு வீக்கம் என நான்கும் சேர்ந்தால் அது லோஃப்கிரென் நோய்க்குறித் தொகுப்பு. சுவீடன் மருத்துவர் ஸ்வென் லோஃப்கிரென் 1940-களில் விவரித்த, திடீரென்று தொடங்கும் சார்காய்டோசிஸ் வகை. சார்காய்டோசிஸ் என்பது நோயெதிர்ப்புச் செல்கள் நுரையீரல், நிணநீர்க் கணு, கண், தோல் போன்ற இடங்களில் திரண்டு கிரானுலோமா எனப்படும் சிறு முடிச்சுகளை உண்டாக்கும் நோய்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் நாள் சீட்டில் குடும்ப வரலாறு என்ற வரிக்கு எதிரே 'சர்க்கரை: அம்மா' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நுரையீரல் பற்றி நான் கேட்கவே இல்லை. எக்ஸ்ரேயைக் காட்டிப் பேசும்போது அவராகவே சொன்னார்: "டாக்டர், எங்க அண்ணனோட எக்ஸ்ரேயிலயும் இதே மாதிரிதான் ரெண்டு பக்கமும் உருண்டையா இருக்கும். அவருக்கு டிபின்னு ஆறு மாசம் மருந்து குடுத்தாங்க."

"இப்ப எப்படி இருக்கார்?"

"சரியாகல. மாடி ஏறினா நின்னு நின்னுதான் வரார்."

அண்ணனின் பழைய படங்களோடு அவரை அழைத்து வரச் சொன்னேன்.

அண்ணன்

மூன்று நாள் கழித்து வந்தார். வயது 41. கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை, அதற்குள் மூன்று ஆண்டுகளின் படங்கள். அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் பேனாவால் எண் போட்டிருந்தார். நோய் என்னவென்று தெரியாமல் மூன்று ஆண்டு அலைந்தவர்கள் பலர் இப்படித்தான் தங்கள் கோப்பைத் தாங்களே பராமரிக்கப் பழகிவிடுகிறார்கள்.

வறட்டு இருமலில்தான் தொடங்கியிருக்கிறது. பிறகு களைப்பு. ஓய்வெடுத்தாலும் போகாத களைப்பு. நான்கு கிலோ எடை குறைந்தது. எக்ஸ்ரேயில் கணுக்கள் பெருத்து, மேல் மடல்களில் புள்ளிகள் தெரிந்திருக்கின்றன. சளிப் பரிசோதனை மூன்று முறையும் நெகட்டிவ். இருந்தும் வேறோர் இடத்தில் காசநோய் மருந்து தொடங்கினார்கள். ஆறு மாதம் முழுக்க, ஒரு நாள் விடாமல் சாப்பிட்டிருக்கிறார்.

மருந்து தொடங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். காசநோயும் சார்காய்டோசிஸும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலத் தெரியும். காசநோயைத் தவறவிட்டால் அதன் விலை பெரிது. ஆனால் இரண்டு மாதம் ஆகியும் இருமல் குறையவில்லை, எடை ஏறவில்லை, படம் மாறவில்லை. அப்போதாவது நின்று யோசித்திருக்க வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பப்படவில்லை, திசு எடுத்துப் பார்க்கப்படவில்லை. மருந்து முடிந்த பிறகும் படம் அப்படியே இருக்க, 'பழைய தழும்பு' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதற்கடுத்து நடந்ததுதான் எனக்கு அதிக வருத்தம் தந்தது. களைப்புக்கு என்று வைட்டமின் டி அளவு பார்த்திருக்கிறார்கள், குறைவாக இருந்தது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சார்காய்டோசிஸ் உள்ளவருக்கு இது வம்பு. வழக்கமாக அளப்பது வைட்டமின் டியின் சேமிப்பு வடிவத்தை. அதைச் செயல்படும் வடிவமாக மாற்றும் வேலையை ஆரோக்கியமான உடலில் சிறுநீரகம் அளவோடு செய்கிறது. கிரானுலோமாவில் உள்ள மேக்ரோஃபேஜ் செல்களும் அதே வேலையைச் செய்யும், கட்டுப்பாடே இல்லாமல். சேமிப்பு குறைந்துகொண்டே போகும், செயல்படும் வடிவம் ஏறிக்கொண்டே போகும். அதன் மேல் மாத்திரையும் சேர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் உயரும். இவருக்குக் கால்சியம் டெசிலிட்டருக்கு 11.2 மில்லிகிராம், இயல்பைவிட அதிகம். கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோன் அமுங்கிக் கிடந்தது. களைப்பின் ஒரு பகுதி, களைப்புக்குக் கொடுத்த மாத்திரையாலேயே வந்திருக்கலாம். அன்றே அதை நிறுத்தினேன்.

தங்கையின் படத்தையும் அண்ணனின் முதல் படத்தையும் விளக்குப் பலகையில் பக்கம் பக்கமாக மாட்டினேன். கணுக்களின் வடிவம் அப்படியே ஒத்திருந்தது. அண்ணனுக்கு அதோடு நுரையீரலுக்குள்ளும் புள்ளிகள். எக்ஸ்ரேயை வைத்து நோயை நிலைகளாகப் பிரிக்கும் ஸ்கேடிங் வகைப்பாட்டின்படி தங்கைக்கு முதல் நிலை, அண்ணனுக்கு இரண்டாம் நிலை. இருவரும் பேசாமல் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உறுதிசெய்தது

தங்கைக்குத் திசு எடுக்கவில்லை. லோஃப்கிரென் முழு வடிவில் இருந்தால் பயாப்சி தேவையில்லை என்பதே அமெரிக்க மார்பு நோய்ச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும்.

அண்ணனுக்கு அது போதாது. சிடி ஸ்கேனில் நிணநீர்ப் பாதைகளை ஒட்டியே சிறு புள்ளிகள், மடல்களைப் பிரிக்கும் கோட்டின் மேல் மணி கோத்தது போல வரிசையாக. இது சார்காய்டோசிஸுக்கு வலுவான அடையாளம். மூச்சுப் பரிசோதனையில் எஃப்விசி, அதாவது முழு மூச்சு இழுத்து வெளியே ஊத முடிந்த காற்றின் அளவு, எதிர்பார்ப்பில் 66 சதவீதம், வாயுப் பரிமாற்றம் 58 சதவீதம். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியில் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் அதிகம், அவற்றில் சிடி4 வகைக்கும் சிடி8 வகைக்கும் உள்ள விகிதம் 5.2. இந்த விகிதம் 3.5-ஐத் தாண்டினால் சார்காய்டோசிஸ் பக்கம் சாய்கிறது என்று எடுத்துக்கொள்வோம், அது மட்டுமே முடிவு அல்ல. அல்ட்ராசவுண்ட் வழிகாட்டலில் கணுவிலிருந்து ஊசியால் எடுத்த திசுவில் சிதைவு இல்லாத கிரானுலோமாக்கள். காசநோய்க்கான மூலக்கூறுப் பரிசோதனை நெகட்டிவ். கல்ச்சரும் நெகட்டிவ், ஆனால் அதன் முடிவுக்கு ஆறு வாரம் காத்திருந்தோம். ஏற்கெனவே ஒருமுறை அவசரப்பட்டதில் ஆறு மாதம் போனவர் அவர். இன்னொரு அவசர முடிவு வேண்டாம் என்று இருவரும் சேர்ந்தே தீர்மானித்தோம்.

கண் பரிசோதனையில் ஒரு பழைய தடயம் கிடைத்தது. வலக் கண்ணில் பாவை ஓரம் ஓரிடத்தில் லென்ஸோடு ஒட்டியிருந்தது, எப்போதோ வந்து போன முன்பக்க யுவியைட்டிஸ் என்ற கண் உள் அழற்சியின் மிச்சம். விசாரித்தபோது, எட்டு வருடத்துக்கு முன் கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசி, சொட்டு மருந்தில் சரியானது நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் நோய் மூன்று ஆண்டாக அல்ல, குறைந்தது எட்டு ஆண்டாக அவரிடம் இருந்திருக்கிறது. ஈசிஜியும் இதய ஸ்கேனும் சரியாக இருந்தன.

பெரிலியம் பற்றிய கேள்வி

சார்காய்டோசிஸ் என்று எழுதுவதற்கு முன் வேலை பற்றி விரிவாகக் கேட்க வேண்டும். பெரிலியம் என்ற உலோகத்தின் தூசியைச் சுவாசித்தவர்களில் சிலருக்கு வரும் நாட்பட்ட பெரிலியம் நோய், நுண்ணோக்கியிலும் சிடியிலும் சார்காய்டோசிஸ் போலவே இருக்கும். விமானப் பாகங்கள், செம்பு-பெரிலியம் கலப்பு உலோகம் கடைதல், சில மின்னணு உறுப்புகள் செய்தல் என்று ஆபத்தான வேலைகள் பல. இவர் கணக்கு எழுதுபவர். அப்படி எந்த வேலையும் செய்ததில்லை. வீட்டிலும் உலோக வேலை இல்லை, பறவை வளர்ப்பு இல்லை, பூஞ்சை பிடித்த இடம் இல்லை.

அவருக்குப் பெரிலியம் இல்லை என்றாலும் அந்த நோயைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்கிறேன். மரபணுவும் சூழலும் எப்படிக் கைகோத்து நுரையீரலைத் தாக்குகின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நோய் வேறில்லை. 1993-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வில், நோயெதிர்ப்புக்கு உதவும் எச்எல்ஏ மரபணுக்களில் ஒன்றான எச்எல்ஏ-டிபிபி1-இல், புரதத்தின் 69-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் தரும் வகை, நோய் வந்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு இருந்தது. அதே தூசியைச் சுவாசித்தும் நோய் வராதவர்களில் 30 சதவீதம் பேருக்கு இருந்தது. அந்த ஓர் அமினோ அமிலம் எச்எல்ஏ புரதத்தின் பள்ளத்தில் எதிர்மின்னூட்டம் உள்ள ஒரு குழியை உண்டாக்குகிறது, நேர்மின்னூட்டம் கொண்ட பெரிலியம் அதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நோயெதிர்ப்பு வெள்ளணுவான டி செல்லுக்கு அந்தப் புரதத்தின் முகமே மாறிப்போய்த் தெரிகிறது. தாக்குதல் தொடங்குகிறது.

அந்த 30 சதவீதத்தை விட்டுவிடக் கூடாது. மரபணு இருந்தது, தூசியும் இருந்தது, அப்படியும் நோய் வரவில்லை. தூசியே இல்லாத இடத்தில் அந்த மரபணுவோடு ஆயுள் முழுக்க நன்றாக இருக்கலாம்.

சார்காய்டோசிஸில் அந்தத் 'தூசி' எது என்று இன்னும் பிடிபடவில்லை. மைகோபாக்டீரியாவின் ஒரு புரதம் கிரானுலோமாக்களில் கிடைத்திருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் தோலில் சாதாரணமாக வாழும் ஒரு முகப்பரு பாக்டீரியாவைச் சந்தேகிக்கிறார்கள். 2001-இல் நியூயார்க்கில் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் இடிந்து விழுந்த புழுதியில் வேலை செய்த தீயணைப்பு வீரர்களிடையே இந்த நோய் கூடியது. ஒரே காரணம் இருக்காது, ஆளுக்கு ஆள் வேறு வேறு பொருள் தூண்டியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். மரபணு முடிவுகளும் அந்தப் பக்கமே கை காட்டுகின்றன.

எச்எல்ஏ முடிவு

இருவரின் ரத்தத்தையும் ஒரே நாளில் எச்எல்ஏ வகை பார்க்க அனுப்பினேன். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பொருத்தம் பார்க்கும் அதே பரிசோதனை. சார்காய்டோசிஸுக்கு இது வழக்கமான பரிசோதனை அல்ல. நோயைக் கண்டுபிடிக்க உதவவும் உதவாது. தங்கைக்கு ஸ்டீராய்டு இல்லாமல் எவ்வளவு துணிவோடு காத்திருக்கலாம் என்பதற்கு ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது. அண்ணன் கேட்டதும் ஒரு காரணம்: "ஒரே ரத்தம், ஒரே நோய். அவளுக்கும் என்ன மாதிரி இழுத்துக்கிட்டே போகுமா டாக்டர்?"

இருவருக்கும் பொதுவான ஒரு வகையாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மூன்று வாரம் கழித்துப் பரிசோதனைக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. "இவங்க கூடப் பிறந்தவங்கதானே, மாதிரி மாறலையே?" என்று சரிபார்த்துக்கொண்டார்கள். டிஆர்பி1 என்பது எச்எல்ஏ மரபணுக்களில் ஒன்று, நட்சத்திரக் குறிக்குப் பின் வருவது அதன் வகை எண். தங்கைக்கு டிஆர்பி1*03, *07. நுணுக்கமாகப் பார்த்ததில் அந்த 03 என்பது 03:01. அண்ணனுக்கு டிஆர்பி1*14, *15. ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

மாதிரி மாறவில்லை. எச்எல்ஏ மரபணுக்கள் ஆறாம் குரோமோசோமில் நெருக்கமாக, ஒரே கட்டாக இருக்கின்றன. பெரும்பாலும் உடையாமல் கட்டாகவே பிள்ளைக்குப் போகும். அப்பாவிடம் இரண்டு கட்டு, அம்மாவிடம் இரண்டு கட்டு. உடன்பிறந்த இருவர் இரண்டு கட்டிலும் ஒத்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு, ஒன்றில் மட்டும் ஒத்திருக்க நான்கில் இரண்டு, ஒன்றிலும் ஒத்திராமல் இருக்க நான்கில் ஒன்று. இவர்கள் அந்தக் கடைசி வாய்ப்பில் விழுந்தவர்கள். ஒருவருக்குச் சிறுநீரகம் தேவைப்பட்டால் மற்றவர் எச்எல்ஏ பொருந்திய கொடையாளி ஆக மாட்டார். நோயெதிர்ப்பு என்ற அளவில் இருவரும் அந்நியர்கள் போலத்தான்.

எச்எல்ஏவின் வேலையை எளிதாகச் சொன்னால் இப்படி: உடலுக்குள் வரும் பொருளைச் செல் உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு துண்டைத் தட்டில் வைத்து வெளியே நீட்டும். டி செல் வந்து பார்த்து, சும்மா விடுவதா சண்டைக்குப் போவதா என்று முடிவெடுக்கும். அந்தத் தட்டுதான் எச்எல்ஏ. ஆளுக்கு ஆள் தட்டின் பள்ளம் வேறு வடிவம், அதனால் அதில் பொருந்தி நிற்கும் துண்டும் வேறு. தங்கையின் தட்டு எதையோ காட்டியது, டி செல்கள் ஆவேசமாகக் கிளம்பின, காய்ச்சலும் வீக்கமும் வந்தன. அண்ணனின் தட்டு வேறு எதையோ, அல்லது அதையே வேறு கோணத்தில் காட்டியிருக்கலாம். அங்கே சண்டை மெதுவாகத் தொடங்கி முடியாமல் இழுத்துக்கொண்டு போகிறது.

இது வெறும் ஊகம் அல்ல. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் டிஆர்பி1*03 உள்ள நோயாளிகளின் நுரையீரலைக் கழுவிப் பார்த்தபோது, ஒரே வகை ஏற்பி கொண்ட சிடி4 டி செல்கள் அங்கே மட்டும் பெருகியிருந்தன, ரத்தத்தில் இல்லை. ஏதோ ஒரு குறிப்பிட்ட துண்டைப் பார்த்துத்தான் அவை பெருகியிருக்க வேண்டும். அதே குழுவினர் 2009-இல் வெளியிட்ட லோஃப்கிரென் நோயாளிகளின் ஆய்வுதான் என் கையில் இருந்த பிடிமானம்: டிஆர்பி1*03 இருந்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் நோய் அடங்கிவிட்டது. இல்லாதவர்களில் 49 சதவீதம் பேருக்குத்தான் அடங்கியது. வெளியே ஒரே காய்ச்சல், ஒரே தடிப்பு, ஒரே எக்ஸ்ரே. உள்ளே ஒரு மரபணு வகை இருக்கிறதா இல்லையா என்பதில் இவ்வளவு வித்தியாசம்.

டிஆர்பி1*03 அரிதாக உள்ள ஜப்பானியரிடம் லோஃப்கிரெனும் அரிது என்பது இதோடு ஒத்துப்போகிறது. டிஆர்பி1*14, *15 ஆகியவை நீடிக்கும் வகையோடு பல ஆய்வுகளில் சேர்ந்தே வருகின்றன. *01, *04 இருந்தால் நோய் வரும் வாய்ப்பே குறைவு. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில் கறுப்பினத்தவர், வெள்ளையர் இருவரிடமும் *11:01 ஆபத்தைக் கூட்டியது. ஒரு மக்கள்தொகையில் கிடைத்த எண்ணை இன்னொரு மக்கள்தொகைக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. அதனால் அந்த 95-ஐத் தங்கையிடம் வாக்குறுதியாகச் சொல்லவில்லை. "நல்ல அறிகுறி, காத்திருக்கலாம்" என்றேன்.

அண்ணனிடம் பேசுவது கடினமாக இருந்தது. *15 நலமாக இருக்கும் எத்தனையோ பேரிடம் இருக்கிறது. அவருடைய நோய் நீடித்திருப்பது எட்டு வருடக் கண் தடயத்திலும் மூன்று வருடப் படங்களிலும் ஏற்கெனவே தெரிந்த விஷயம். மரபணு முடிவு அதற்கு மேல் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. ஆனால் அவர் இத்தனை நாளும் 'மருந்தைச் சரியா சாப்பிடலையோ, நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேனோ' என்று நினைத்துக்கொண்டிருந்தவர். உங்கள் உடல் அமைப்பு இப்படி, உங்கள் மேல் தவறில்லை என்று தாளைக் காட்டிச் சொன்னபோது சற்று நேரம் தலை குனிந்திருந்தார். அந்தப் பரிசோதனைக்கு இந்த ஒரு பயன் போதும் என்று எனக்குப் பட்டது.

அப்படியானால் குடும்பத்தில் வந்தது எது?

எச்எல்ஏ பொருந்தவில்லை, ஆனால் நோய் இருவருக்கும் வந்திருக்கிறது. தற்செயல் என்று தள்ளிவிடலாமா? முழுமையாகத் தள்ள முடியாது. டென்மார்க், பின்லாந்து இரட்டையர் பதிவேடுகளை வைத்து 2008-இல் வந்த ஆய்வில், ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கு ஆபத்து பொதுமக்களைவிட 80 மடங்கு. இரு கரு இரட்டையருக்கு 7 மடங்கு. இரு கரு இரட்டையரும் ஒரே வீட்டில் ஒரே காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர்கள்தான். 80-க்கும் 7-க்கும் இடையே உள்ள தூரம் பெரும்பாலும் மரபணுவின் வேலை. அதே நேரம், 7-லிருந்து 80-க்கு இப்படித் தாவுவது ஒற்றை மரபணுவால் அல்ல, பல மரபணுக்கள் ஒன்றுசேர்ந்தால் நடக்கும் விஷயம். சுவீடனின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2018-இல் வந்த ஆய்வு, மரபின் பங்கை 39 சதவீதம் என்று மதிப்பிட்டது. மீதி சூழல், தற்செயல், நாம் இன்னும் பெயர் வைக்காதவை.

எச்எல்ஏவுக்கு வெளியே இரண்டு மரபணுக்களை மட்டும் சொல்கிறேன். பிடிஎன்எல்2 என்பது டி செல்லுக்குக் கடிவாளம் போடும் புரதம் ஒன்றுக்கானது. ஜெர்மனியில் 2005-இல் இதில் ஒற்றை எழுத்து மாற்றம் ஒன்றைக் கண்டார்கள். அந்த மாற்றத்தால் புரதம் பாதியில் வெட்டுப்பட்டு, செல்லின் மேற்பரப்புக்குப் போய்ச் சேர்வதில்லை. கடிவாளம் தளர்கிறது. ஒரு பிரதியில் மாற்றம் இருந்தால் ஆபத்து சுமார் 1.6 மடங்கு, இரண்டிலும் இருந்தால் 2.75 மடங்கு. சிக்கல் என்னவென்றால் பிடிஎன்எல்2 எச்எல்ஏவின் பக்கத்து வீடு. இரண்டும் ஒரே கட்டில் பயணிப்பதால் எதன் குற்றம் எது என்று பிரிப்பது பல மக்கள்தொகைகளில் கடினமாகிவிட்டது. நம் அண்ணன் தங்கைக்கோ கட்டே வேறு, அதனால் இது இருவருக்கும் ஒரே வழியில் வந்திருக்க முடியாது. மற்றது பத்தாம் குரோமோசோமில் உள்ள ஏஎன்எக்ஸ்ஏ11. 2008-இல் மரபுத்தொகுதி முழுவதையும் அலசியபோது கிடைத்தது. செல் பிரிவதிலும் செல் தானே மடிவதிலும் பங்குள்ள அனெக்சின் ஏ11 என்ற புரதம். இந்த மரபணுவின் ஒரு குறிப்பிட்ட வகை இருந்தால் அது சார்காய்டோசிஸிலிருந்து காக்கிறது. ஆறாம் குரோமோசோமோடு சம்பந்தமில்லாத இதுபோன்ற இடங்களில் இருவரும் ஒத்திருக்கலாம்.

அந்த மரபணுக்களைப் பரிசோதிக்கவில்லை. முடிவு எதுவாக வந்தாலும் சிகிச்சையில் ஒரு மில்லிகிராம் கூட மாறாது. அப்படிப்பட்ட பரிசோதனைக்கு நோயாளியின் பணத்தையும் மன அமைதியையும் செலவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

எம்யூசி5பி என்ற மரபணு பற்றி இணையத்தில் படித்துவிட்டு அண்ணன் கேட்டார். அது காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு நோயோடு வலுவாகச் சேர்ந்தது, சார்காய்டோசிஸோடு சேரவில்லை. நுரையீரல் நோய் எல்லாவற்றுக்கும் ஒரே மரபணுப் பட்டியல் கிடையாது.

சிகிச்சையும் நடந்ததும்

தங்கைக்கு வலியும் அழற்சியும் குறைக்கும் நாப்ராக்சன், ஓய்வு, காலை உயர்த்தி வைத்தல். "ஸ்டீராய்டு குடுத்தா சீக்கிரம் சரியாகுமாமே?" என்று கேட்டார். வலி சீக்கிரம் குறையும், ஆனால் தானாக அடங்கப்போகும் நோய்க்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்தால் எலும்பும் சர்க்கரையும் எடையும் அதன் விலையைக் கொடுக்க வேண்டிவரும் என்று விளக்கினேன். மூன்றாவது வாரத்தில் நடக்கத் தொடங்கினார். தடிப்புகள் அடிபட்டுக் கன்றிய இடம் போல நீலமாகி, பச்சையாகி, ஆறு வாரத்தில் மறைந்தன. ஆறாம் மாதம் கணுக்கள் சுருங்கியிருந்தன. பதினான்காம் மாதம் எடுத்த எக்ஸ்ரே சுத்தம்.

அண்ணனுக்குக் கல்ச்சர் முடிவு வந்த பிறகு பிரெட்னிசோலோன் 30 மில்லிகிராம் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, கால்சியம் இயல்புக்கு வந்தது. படிப்படியாகக் குறைத்து 7.5-க்கு வந்தபோது இருமல் மறுபடி தலைகாட்டியது, எஃப்விசியும் சரிந்தது. நீடிக்கும் நோய்க்கு ஸ்டீராய்டை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று நோயெதிர்ப்பை அடக்கும் மெதோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை, ஃபோலிக் அமிலத்தோடு சேர்த்தேன். கல்லீரல், ரத்த அணுக்கள் இரண்டையும் தவறாமல் பார்த்துக்கொண்டோம். மெதுவாகப் பலன் தெரிந்தது. எஃப்விசி 66-லிருந்து 79-க்கு ஏறியது. மேல் மடலில் ஒரு சிறிய பகுதி தழும்பாகிவிட்டது, அது திரும்பாது. மூன்று ஆண்டுக்கு முன் பிடித்திருந்தால் அந்தத் தழும்பு வந்திருக்காது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் ஒவ்வொரு சிடியிலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

மகள்

அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது மகள். "அவளுக்கும் இந்த டெஸ்ட் எடுத்துடலாமா?" என்று ஒருமுறை கேட்டார். தங்கையும் அத்தையாகக் கூடவே வந்து உட்கார்ந்திருந்தார்.

தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்கு எழுதுபவருக்குக் கணக்கில் சொல்வதுதான் முறை. சுவீடனில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 11.5 பேருக்குப் புதிதாக இந்த நோய் வருகிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளை இவர்களில் ஒருவருக்கு இருந்தால் ஆபத்து 3.7 மடங்கு என்று அந்த 2018 ஆய்வு சொல்கிறது. பெருக்கினால் ஏறக்குறைய 43. ஒரு லட்சம் பேரில், ஓர் ஆண்டில், 43 பேர். மீதி 99,957 பேருக்கு அந்த ஆண்டில் வராது. மடங்கைக் கேட்டால் பயமாக இருக்கிறது, ஆளைக் கணக்கிட்டால் பயம் தணிகிறது.

எச்எல்ஏ பார்த்தால்? மகளுக்கு அப்பாவின் *14 அல்லது *15 இரண்டில் ஒன்று கட்டாயம் வந்திருக்கும். பார்க்காமலே தெரிந்த விஷயம். அது இருப்பதாலேயே நோய் வந்துவிடாது, இல்லாவிட்டாலும் வரலாம், அவளுடைய அத்தையே அதற்குச் சாட்சி. நோய் வந்தவருக்கு அது எப்படிப் போகும் என்று சொல்ல எச்எல்ஏ கொஞ்சம் உதவுகிறது. நலமாக ஓடியாடும் குழந்தைக்கு அது ஒரு முத்திரை குத்துவதைத் தவிர வேறெதையும் செய்யாது. அதனால் வேண்டாம் என்றேன்.

ஒரே ஒரு விதிவிலக்கைக் கேட்டுத் தெளிந்துகொண்டேன். பிளாவ் நோய் என்று ஒன்று, நாட்2 மரபணுவின் ஒற்றை மாற்றத்தால் வருவது. மிகச் சிறு வயதிலேயே தோல் சொறி, மூட்டு வீக்கம், கண் அழற்சி என்று தொடங்கி, பெற்றோரில் ஒருவரிடமிருந்து பாதிக்குப் பாதி வாய்ப்பில் பிள்ளைக்குப் போகும். அங்கே மரபணுப் பரிசோதனை அவசியம், பார்க்காமல் விட்டால் பார்வை போகலாம். ஆனால் அதில் நுரையீரல் பெரும்பாலும் தப்பிவிடும். இந்தக் குடும்பத்திலோ நுரையீரல்தான் முன்னால் நிற்கிறது, இருவருக்கும் வளர்ந்த பிறகு வந்தது, மகளுக்கு அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கதவை அங்கேயே மூடினோம்.

மகளின் மருத்துவச் சீட்டில் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: அப்பாவுக்கும் அத்தைக்கும் சார்காய்டோசிஸ். கண் சிவந்து வெளிச்சம் கூசினால் சொட்டு மருந்தோடு விடாமல் கண் மருத்துவரிடம் காட்டவும். மூன்று வாரத்துக்கு மேல் வறட்டு இருமல், காலில் வலிக்கும் சிவந்த தடிப்பு, காரணமில்லாத மயக்கம் இருந்தால் இந்தச் சீட்டைக் காட்டவும். கால்சியமும் வைட்டமின் டியின் செயல்படும் வடிவமும் பார்க்காமல் வைட்டமின் டி மாத்திரை வேண்டாம் என்பது அப்பாவின் சீட்டுக்கு.

அதற்குப் பிறகு என் வெளிநோயாளிச் சீட்டில் குடும்ப வரலாறு என்ற வரியை இரண்டாகப் பிரித்துவிட்டேன். இரண்டாவது வரியில் ஒரே கேள்வி: வீட்டில் யாருக்காவது கணு வீக்கம், கண் அழற்சி, அல்லது மருந்து முடித்தும் ஆறாத டிபி இருந்ததா?

அண்ணன் இப்போது மெதோட்ரெக்சேட் 12.5 மில்லிகிராமில் இருக்கிறார், ஸ்டீராய்டு இல்லாமல் ஏழு மாதம். போன முறை வந்தபோது லிஃப்ட் வேண்டாமென்று மூன்று மாடி ஏறியே வந்திருந்தார். அடுத்த மூச்சுப் பரிசோதனைக்கு நான்கு வாரம் இருக்கிறது.